சிரிக்கச் சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

நவீன ஓவியத்தை ஹிட்லர் ஒடுக்கியது, ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில்தானே? இன்னொன்று: அந்தப் படங்கள் எங்களைப் போன்ற சாதாரண ஜனங்களுக்குப் புரிவதில்லை, பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. யாருக்கும் புரியாத படத்துக்கு ஓர் அரசாங்கம் ஏன் பயப்பட வேண்டும்? நவீன ஓவியத்தைப் புரிந்துகொள்ள ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

ர., மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

வியன்னாவில் அவரை 1907, 1908 என்று இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள், சரி. 1962-இல் மாஸ்கோ கண்காட்சியில் நவீன ஓவியர்களைக் கண்டபடி திட்டிய சோவியத் தலைவர் குருஷ்சேவ் எந்த ஓவியக் கல்லூரியில் இடம் கேட்டார்? இந்தக் கதையை விடுங்கள்.

எனக்கு உறுத்தியது உங்கள் சிரிப்பு. 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்தார்களே, அதில் படங்களை ஒளிக்கவில்லை. அருங்காட்சியகங்களில் பறித்த சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்து மாட்டி, சுவரெல்லாம் கேலி எழுதி, காசு வாங்காமல் உள்ளே விட்டார்கள். பக்கத்தில் விலைச்சீட்டு, உழைக்கும் ஜெர்மானியரின் வரிப்பணம் என்ற குறிப்போடு. அந்த விலைகளில் பல, 1920களின் தொடக்கத்தில் ஜெர்மன் நாணயமான மார்க் செல்லாக்காசாகிக்கொண்டிருந்தபோது கொடுத்தவை. ரொட்டிக்கே கோடிகளைக் கொட்டிய காலம். சீட்டில் அதைச் சொல்வார்களா? 20 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாணவர்கள் படம் வைத்திருந்தார்கள். ஒரு படம் முழுக்கப் பழுப்பும் சாம்பலும், ஓரத்தில் மட்டும் பச்சைக் கீற்று. பூ விற்கிற அம்மாள் ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேட்டூர் தொறக்காத வருஷம் எங்க வாய்க்கா இப்படித்தான் கெடந்துச்சு" என்றார். அப்புறம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். "எம்பேரன் இதவிட நல்லா கிறுக்குவான்!" பரிவாரம் சிரித்தது, மண்டபம் சிரித்தது, அந்த அம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவருக்கா புரியவில்லை? யாரையும் கேட்காமல், தன் கண்ணை நம்பி ஒன்றைச் சொன்னாரே, அந்தப் பழக்கம் பரவினால் எந்தச் சர்வாதிகாரிக்குத் தூக்கம் வரும்? படம் அரசை எதிர்த்ததா என்பது இரண்டாம் பட்சம். எமில் நோல்டே என்ற ஜெர்மன் ஓவியர் நாஜிக் கட்சிக்காரர். அவருடைய படைப்புகளிலேயே ஆயிரத்துக்கு மேல் பறித்தார்கள். 'சாதாரண ஜனங்கள்' என்று அவர்கள் சொன்ன அதே சொல்லை நீங்களும் எழுதுகிறீர்கள். உங்களுக்கு யார் தம்பி அந்த அதிகாரம் கொடுத்தது?

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் கண்காட்சி வைத்தால் போய்ப் பாருங்கள். சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.