அடுப்படிக்குள் வந்த போர்

கேள்வி: போரைப் பற்றிய முக்கியமான ஜப்பானிய மாங்கா என்று ‘உலகின் இந்த மூலையில்’ படக்கதையைச் சொல்லியிருந்தீர்கள். நண்பரிடம் ஆங்கிலப் பதிப்பை வாங்கிப் புரட்டினேன். பாதிக்கு மேல் சமையல், தையல், ரேஷன், மாமியார் வீட்டுப் பேச்சு. படங்களும் குழந்தைப் புத்தகம் மாதிரி இருக்கின்றன. ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் நடக்கும் கதையில் இதையா காட்டுவது? போரைப் பூசி மெழுகும் வேலையாகவே எனக்குப் படுகிறது.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: புரட்டினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. இது புரட்டுகிறவருக்குப் பிடிபடாத புத்தகம்.

சர்க்கரையும் எறும்பும் வரும் அத்தியாயத்தைப் பார்த்திருப்பீர்கள். கதாநாயகி சுசு, ஹிரோஷிமாவிலிருந்து கூரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு 1944 பிப்ரவரியில் மணமாகி வந்தவள். வீட்டில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையில் எறும்பு ஏறுகிறது. டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நம் வீடுகளிலும் உண்டுதானே? சுசு இன்னும் ஒரு படி மேலே போய், சர்க்கரைக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டியிலேயே மிதக்கவிடுகிறாள். கிண்ணம் மூழ்கிவிடுகிறது. மாமியார் திட்டவில்லை. சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுத்துக் கறுப்புச் சந்தைக்கு அனுப்புகிறார். வேடிக்கையாகச் சொல்லப்பட்ட அத்தியாயம்தான். ஆனால் ஒரு பிடி சர்க்கரைக்காக ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைகிறது என்பதைக் கவனித்தீர்களா?

அப்புறம் அந்தச் சோறு. ‘நன்கோ மேஷி’ என்று பெயர். அரிசியை வறுத்து, வெந்நீர் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் சமைத்தால் பொங்கிப் பெருத்துவிடும். பானை நிறையும், அரிசியின் அளவு என்னவோ அதேதான். சுவையும் கிடையாது. 14ஆம் நூற்றாண்டுத் தளபதி குசுனோகி மசஷிகேயின் பெயரால் அது அழைக்கப்பட்டது. பசிக்குக்கூட ஒரு வீரனின் பெயரைச் சூட்டிச் சாப்பிடச் சொன்ன காலம் அது. இந்தக் கதையை எழுதி வரைந்த கோனோ ஃபுமியோ அந்தச் செய்முறையைப் படிப்படியாக வரைந்து காட்டுகிறார். அதே புத்தகத்தில் பழைய கிமோனோவை வெட்டி வேலைக்கான கால்சட்டையாகத் தைப்பதும் வருகிறது, காட்டுக்கீரை பறித்துச் சமைப்பதும் வருகிறது. 1944இல் கூரேயில் ஒரு பெண்ணுக்குப் போர் என்றால் முதலில் இதுதான். விமானம் அப்புறம்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோனோ 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். இந்தக் கதை 2007 முதல் 2009 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. ஜப்பானியர் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து ஆண்டைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 1944, ஷோவா 19. 2007, ஹெய்செய் 19. கதையில் எந்த மாதம் நடக்கிறதோ, அதே எண்ணுள்ள ஆண்டின் அதே மாதத்தில் வாசகர் படிக்கும்படி கோனோ தொடரை அமைத்தார். சுசு சோறாக்கி, துணி துவைத்து, கணவனோடு சண்டை போட்டு ஒவ்வொரு மாதமாகக் கடக்க, வாசகரும் கூடவே கடந்தார். அவளுக்குத் தெரியாத ஒரு ஆகஸ்ட் வந்துகொண்டிருப்பது இவருக்குத் தெரியும். ஒரே உட்காரலில் புரட்டினால் அந்தக் கனம் கைக்கு வராது.

படம் குழந்தைத்தனம் என்கிறீர்கள். சுசுவுக்கு வரையப் பிடிக்கும். அவள் கண்ணால் பார்ப்பதால்தான் மலையும் கடலும் போர்க்கப்பலும்கூட அழகாக இருக்கின்றன. 1945 ஜூனில், நாத்தனார் மகள் ஹருமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு வெடிக்கிறது. குழந்தை போய்விடுகிறாள். அவள் கையைப் பிடித்திருந்த சுசுவின் வலது கையும் போய்விடுகிறது. வரைகிற கை. அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் பின்னணியைப் பாருங்கள். வீடும் மரமும் கோணிக்கொண்டு, கோடு நடுங்கிப் போயிருக்கும். கோனோ அந்தப் பின்னணிகளைத் தன் இடது கையால் வரைந்தார். நான் முதல் முறை படித்தபோது அச்சுக் கோளாறோ என்று நினைத்தேன். விஷயம் புரிந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பூசி மெழுகுகிறவர் செய்கிற வேலையா இது?

‘அன்றாடம்’ வந்தால் போரின் கடுமை குறைந்துவிடும் என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் இல்லை. நகசாவா கெய்ஜியின் ‘வெறுங்கால் கென்’ 1973இல் தொடங்கிய படக்கதைத் தொடர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகசாவாவுக்கு ஆறு வயது. அப்பா, அக்கா, தம்பி மூவரையும் பறிகொடுத்தவர். அவர் கதையில் கர்ப்பிணி அம்மாவுக்குச் சத்தாக ஏதாவது கிடைக்கட்டும் என்று சிறுவன் அடுத்தவர் குளத்தில் கெண்டை மீன் திருடப் போகிறான். 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியம் இந்தக் கதையைத் தொடக்கப்பள்ளி அமைதிப் பாடத்திலிருந்து எடுத்தது. மீன் திருடும் காட்சியைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. பட்டினி கிடக்கும் அம்மாவுக்காக ஒரு பிள்ளை திருடுகிறான் என்பதுதானே பாடம்! அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தேதியும் ஒரு புகைமேகமும்தான்.

படைவீரன் பக்கமும் இப்படித்தான். படக்கதை ஓவியர் மிசுகி ஷிகெரு பசிபிக் கடலின் நியூ பிரிட்டன் தீவில் போரிட்டு இடது கையை இழந்தவர். அங்கே பட்டதை வைத்து 1973இல் அவர் வரைந்த கதையில் வீரர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள், மேலதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்குகிறார்கள். ஒருவன் மீன் பிடிக்கப் போய், மீன் தொண்டையில் சிக்கிச் சாகிறான்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கவில்லை. கூரேயில் கட்டிய கப்பல்கள் எங்கே போய் என்ன செய்தன என்பதைச் சுசுவின் சமையலறையிலிருந்து பார்க்க முடியாது. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டத் தமிழர்களை ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துக்கொண்டு போய் ஆயிரக்கணக்கில் சாகவிட்டது. அந்தக் கதை இதில் இல்லை. ஆனால் கோனோவுக்கு அது உறைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஆகஸ்ட் 15, சரணடைந்ததாக வானொலி அறிவித்த பிறகு, கூரேயின் வீடுகளுக்கு நடுவே, ஜப்பான் அடக்கி ஆண்ட கொரியாவின் கொடி ஒன்று ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுசு உடைந்து அழுகிறாள். வன்முறையால் மற்றவரை அடக்கி வைத்திருந்தோம், அதனால்தான் வன்முறைக்குப் பணிகிறோம் என்று அவளுக்கு அப்போது புரிகிறது. 2016இல் வந்த திரைப்படத்தில் இந்த இடத்தை மாற்றி, கடல் கடந்து வந்த அரிசியையும் சோயாவையும் தின்று வளர்ந்த உடம்பு இது என்று அவள் நினைப்பதாக வைத்தார்கள். எனக்குப் புத்தகத்தில் இருப்பதே பிடிக்கும். ஆனாலும் அவ்வளவு நேரம் பார்த்த சோற்றுப் பானைக்குள் பேரரசே இருந்தது என்பதைப் படம் நன்றாகவே பிடித்திருக்கிறது.

எனவே நண்பரிடமிருந்து புத்தகத்தை இன்னொரு முறை வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து, மெதுவாக. அந்த ஆகஸ்ட் 15 ராத்திரிக்கு வந்து சேரும்போது விளக்கின் மேல் கட்டியிருந்த இருட்டடிப்புத் துணியை எடுத்திருப்பார்கள். மாமியார் ஒளித்து வைத்திருந்த வெள்ளை அரிசியை எடுத்து வருவார். எல்லாவற்றையும் இன்றே ஆக்கிவிடாதே, நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வேண்டும் என்பார்.