சில கலைஞர்களுக்கு மட்டும் வரிசையாக உச்சப் படைப்புகள் அமைவது எப்படி?

ஓர் இசைக்கலைஞரோ இயக்குநரோ நடுவில் சறுக்காமல் நான்கைந்து உயர்ந்த படைப்புகளை அடுத்தடுத்துத் தரும் காலத்தைத்தான் இப்படிச் சொல்கிறோம். அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் முக்கியக் காரணம், திறமை முதிரும் நேரமும் சுதந்திரம் கைக்கு வரும் நேரமும் ஒன்றாக அமைவதுதான்.

அமெரிக்கப் பாடகரும் இசையமைப்பாளருமான ஸ்டீவி வொண்டரைப் பாருங்கள். 11 வயதில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர். 21 வயதானதும், தன் இசையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். 1972 முதல் 1976 வரை ஐந்து ஆல்பங்கள்; அவற்றில் மூன்று, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றன. டோன்டோ என்ற பிரம்மாண்டமான சின்தசைசரை (மின்னணு இசைக்கருவி) உருவாக்கிய இருவர் இந்த ஐந்தில் முதல் நான்கு ஆல்பங்களிலும் கூடவே இருந்தார்கள். இந்தக் கூட்டணியைப் பலர் கவனிப்பதே இல்லை.

நின்றுபோன காரைத் தள்ளுவது போலத்தான் இது. அசைக்க நாலு பேர் வேண்டும், உருள ஆரம்பித்துவிட்டால் ஒருவரே போதும். குழு பழகிவிடுகிறது, பணம் போடுபவர் நம்புகிறார்.

பிறகு ஏன் நிற்கிறது? பெரிய வெற்றிக்குப் பின் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எல்லாமே அந்தச் சில ஆண்டுகளில் பிறந்தவை என்று நினைத்துவிட வேண்டாம்: 1974இல் வந்த, அமெரிக்க இயக்குநர் கப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ 1960களிலேயே அவர் எழுதத் தொடங்கிய கதை, 1972இல் அவருடைய ‘தி காட்ஃபாதர்’ ஜெயித்த பிறகுதான் அது படமானது.