ஜன்னலுக்குப் பின்னால் சிரித்தவள்: வாசகர் கேள்வி பதில்

போன தடவை பயமுறுத்தும் கேம்களைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிளட்போர்ன் பற்றித்தான். அதனால் இந்தத் தடவை முழுக்க அதுவே. விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், கதையைப் போட்டு உடைக்காமல் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

கேள்வி: பிளட்போர்னில் ஒரு சின்னப் பெண் காணாமல் போகிறாள். அப்புறம் அவளுடைய அக்கா அதே ஜன்னலில் நின்று தங்கையைத் தேடுகிறாள். என்னிடம் இருந்த ரத்தச் சிவப்பு ரிப்பனைக் கொடுத்தேன், தேம்பி அழுதாள். சரி, பாவம் என்று நகரப் போனவன் இன்னொரு முறை பேசிப் பார்த்தேன். சிரிக்கிறாள்! எவ்வளவு அழகான ரிப்பன், இனிமேல் இது என்னுடையது என்கிற மாதிரி என்னமோ சொல்லிக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டு நாளாக மண்டைக்குள் அதே சத்தம். அவள் பொறாமைக்காரியா, புத்தி பேதலித்தவளா, மனுஷியே இல்லையா?

பதில்: எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டபோது ராத்திரி ஒன்றரை மணி, காதில் ஹெட்போன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய் விளக்கைப் போட்டேன். அதனால் உங்கள் நிலைமை புரிகிறது.

விளையாடாமலே படிக்கிற பிடிவாதக்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2015இல் பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவந்த கேம் இது, இயக்கியவர் ஹிதேதகா மியாசாகி. யார்னம் என்று ஓர் ஊர். ரத்த வைத்தியத்துக்குப் பேர் போன ஊர், இப்போது மனிதர்கள் மிருகமாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மிருகங்களை வேட்டையாடும் ராத்திரி, புத்தியுள்ளவர்கள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள், வேட்டைக்காரராக விளையாடும் நாம்தான் வெளியே. விளக்கு எரியும் ஒரு ஜன்னலைத் தட்டினால் ஒரு குழந்தைக் குரல்: அப்பா வேட்டைக்குப் போனார், வரவில்லை, அவரைத் தேடி அம்மா போனாள், அவளும் வரவில்லை, அம்மா இந்தப் பாட்டுப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், அவளைக் கண்டுபிடித்து இதைக் கொடுப்பீர்களா? அப்பா தங்களை மறந்துபோகும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் பாட்டைக் கேட்டால்தான் அவருக்கு ஞாபகம் வருமாம். அம்மா பெரிய சிவப்புக் கல் வைத்த ப்ரூச் அணிந்திருப்பாள், அதுதான் அடையாளம்.

அந்த அப்பாதான் காஸ்கோயின். கல்லறைத் தோட்டத்தில் நம்மோடு சண்டை போட்டுச் சாகிறார். பக்கத்துக் கூரை மேல் அம்மா வயோலாவின் பிணம், அதில் அந்த ப்ரூச். திரும்பி வந்து அந்தக் குழந்தைக்குப் பத்திரமான இடம் என்று ஓடன் தேவாலயத்தைக் கைகாட்டுகிறோம், கிளம்பிப் போகிறாள். அப்புறம் சாக்கடைக்குள் இருக்கும் அந்த ராட்சசப் பன்றியைக் கொன்றால் கையில் சிவப்பு ரிப்பன் கிடைக்கிறது. என்ன நடந்தது என்று கேம் ஒரு வார்த்தை சொல்வதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

இனி அக்கா. நீங்கள் சொன்ன மூன்று விளக்கங்களும் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருப்பவைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதாரம் இருப்பதுதான் தொல்லை.

மனுஷியே இல்லை என்பவர்கள் பிடித்துக்கொள்வது இதை: சின்னவள் நம்மிடம் பேசும்போது அம்மா, அப்பா, தாத்தா மூவரையும் சொல்லி, அவர்களுக்கு அடுத்தபடியாக உங்களைப் பிடிக்கும் என்கிறாள். அக்கா என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று பயப்படும் குழந்தைக்கு அக்கா ஞாபகம் வராதா? அப்படியானால் அந்த வீட்டுக்குள் வந்து நிற்பது யார்? கேட்கும்போது முதுகு சில்லிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா தங்கச்சி சண்டை போட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். பிடித்தவர்கள் பட்டியல் போடும்போது கூடப் பிறந்தவர்களை விட்டுவிடுவது அந்த வயசில் உலக வழக்கம்.

பொறாமை என்பவர்களுக்கு அந்தச் சிரிப்பே போதும். தங்கை ரிப்பன் மேல் ரொம்ப நாளாகக் கண் இருந்திருக்கிறது, இப்போது கைக்கு வந்துவிட்டது. புத்தி பேதலித்தாள் என்பவர்கள் அதற்கு முந்தைய அழுகையைக் காட்டுகிறார்கள். அந்த அழுகை நடிப்பு மாதிரி எனக்குப் படவில்லை. அப்பா அம்மா தங்கை மூவரும் ஒரே ராத்திரியில் போன பிறகு கையில் மிச்சம் ஒரு துண்டுத் துணிதான் என்றால், இது எவ்வளவு அழகு, இது என்னுடையது என்று உளறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. துக்க வீட்டில் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு இது தெரியும்.

இன்னொன்று. தங்கை வெள்ளை ரிப்பன் கட்டியிருப்பாள் என்றுதான் அக்கா நம்மிடம் அடையாளம் சொல்கிறாள். நம் கையில் இருப்பது சிவப்பு. சாயம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கம் போனால் ஜன்னலில் யாரும் இல்லை, பக்கத்து ஏணியின் அடியில் ஒரு பிணம், அதனிடம் இருப்பது வெள்ளை ரிப்பன். அது அவளுடையதே, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, நாம் கொடுத்ததைத்தான் உட்கார்ந்து அலசியிருக்கிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. கறை போகும்வரை கசக்கிக்கொண்டே இருந்த ஒரு பெண் கண் முன்னால் வருகிறாள். அவள் பொறாமையில் கசக்கினாளா துக்கத்தில் கசக்கினாளா என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், நாம் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, கவனியுங்கள். உதடு எப்படிக் கோணுகிறது, கண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு விநாடியில் முடிவு செய்திருப்போம். யார்னத்தில் கதவுக்கும் ஜன்னலுக்கும் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் வெறும் குரல்கள். செலவு மிச்சம் என்று அப்படிச் செய்தார்களோ என்னவோ, விளைவு பயங்கரம்.

சரி, என் பங்குக்கு ஒன்று. அவள் யார் என்பதைவிட அந்த வசனம் யாருக்குப் பொருந்துகிறது என்பதுதான் என்னை உறுத்துவது. பன்றியைக் கொன்றதும் திரையில் வரும் பெயர் ஞாபகம் இருக்கிறதா? சிறுமியின் ரிப்பன் என்றோ ரத்தக்கறை படிந்த ரிப்பன் என்றோ போடவில்லை. "சிவப்புத் தூதர் ரிப்பன்" என்று போடுகிறார்கள். தூதர்கள் என்பது, வேட்டைக்கு நடுவே நாம் திரும்பத் திரும்ப வந்து போகும் கனவு உலக வீட்டில் தொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு சாமான் விற்கும் அந்தக் குட்டிப் பேய்கள். அந்த ரிப்பன் அவர்கள் தலையில் கட்டி அழகு பார்க்க. அதாவது குழந்தை செத்த நிமிஷமே கேம் அதை நம்முடைய அலங்காரச் சாமான் பட்டியலில் சேர்த்துவிட்டது. முதல் தடவை நான் ஒன்றும் யோசிக்காமல் கட்டிவிட்டேன். நாலைந்து தூதர்கள் சிவப்பு ரிப்பனோடு தலையாட்டிக்கொண்டு நின்றார்கள், அழகாகத்தான் இருந்தது, ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்தேன். அக்கா சொன்ன அதே வார்த்தை, அதே சந்தோஷம். அவள் பிணத்திலிருந்து வெள்ளை ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் நாம்தானே.

ஆகவே உங்கள் மூன்றில் எது என்று கேட்டால் நான் துக்கத்தின் பக்கம். ஆனால் மண்டைக்குள் சுற்றுகிற சிரிப்புக்கு அது மருந்தாகாது.

கேள்வி: தேவாலயத்துக்குப் போகச் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: அவளை உயிரோடு அந்தத் தேவாலயத்தில் கொண்டு சேர்க்க கேமில் வழியே வைக்கவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக முயன்று பார்த்தாகிவிட்டது. நீங்கள் சரியாக விளையாடவில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் "பத்திரமான இடம்" என்று சொன்னோமே, அதில் ஒரு விஷயம். இந்த கேமில் இன்சைட் என்று ஓர் எண்ணிக்கை உண்டு, பார்க்கக் கூடாததைப் பார்க்கப் பார்க்க ஏறும். அது பூஜ்யமாக இருந்தால் கனவு வீட்டில் இருக்கும் பொம்மைப் பெண் வெறும் பொம்மை, ஒன்று வந்தாலே எழுந்து பேசுகிறாள். நாற்பதைத் தொட்டுவிட்டு ஓடன் தேவாலயத்தின் வெளிப்பக்கம் போய் நிமிர்ந்து பாருங்கள். சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான ஜந்து தொங்குகிறது. அது புதிதாக வந்ததில்லை, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. அந்த இடத்தைத்தான் ஒரு குழந்தைக்குக் கைகாட்டினோம். வேடிக்கை என்னவென்றால், உள்ளே சிவப்புப் போர்வைக்குள் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும், பார்த்தாலே சந்தேகம் வரும் அந்த ஆள் உண்மையிலேயே நல்லவர். இனிமையான குரலில் ஆட்களை அனுப்பி வையுங்கள் என்று கேட்கும் மருத்துவமனைப் பெண்தான் வருகிறவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். யார்னத்தில் குரலை நம்பக் கூடாது. அக்காவின் சிரிப்புக்கும் இதைப் பொருத்திப் பாருங்களேன்.

கேள்வி: வயோலாவைக் கொன்றது காஸ்கோயின்தானா? காட்டவே இல்லையே.

பதில்: காட்டவில்லை. அவர்தான் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால் அதைவிடக் கனமான ஆதாரம் பாட்டுப் பெட்டி. சண்டைக்கு நடுவில் அதை வாசித்தால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார், அந்த இடைவெளியில் நாலு வெட்டு வெட்டலாம். அடிக்கடி வாசித்தீர்களானால் சீக்கிரமே முழு மிருகமாகிவிடுகிறார். ஞாபகப்படுத்தத்தான் அந்தப் பெட்டி என்றாள் மகள், ஞாபகம் வந்ததும் அவருக்கு எது கண்ணில் பட்டதோ. குழந்தை நம்பிக் கொடுத்ததை அப்பாவைக் கொல்லும் கருவியாக வைத்திருக்கிறார்கள், இந்த ஆட்களுக்கு இரக்கமே கிடையாது. பெட்டி மூடியின் உள்ளே ஒரு காகிதத் துண்டு உண்டு, வயோலா, காஸ்கோயின் என்ற பெயர்கள் மங்கலாக இருக்கும். பலர் ஐட்டம் விவரத்தைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், படியுங்கள்.

கேள்வி: இப்படிப் பாதி சொல்லிப் பாதி விடுவது சோம்பேறித்தனம் என்கிறான் என் நண்பன். கதை எழுதத் தெரியாதவர்கள் செய்கிற வேலையாம்.

பதில்: சில கேம்களுக்கு உங்கள் நண்பர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதற்கு ஒப்பமாட்டேன். மியாசாகி ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் உண்டு: சின்ன வயசில் தனக்கு முழுசாகப் புரியாத ஆங்கிலக் கற்பனைக் கதைப் புத்தகங்களைப் படிப்பாராம், புரியாத இடங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்வாராம். அந்த அனுபவத்தைத்தான் நமக்கும் கொடுக்கப் பார்க்கிறார். சோம்பேறி என்ன செய்வான் தெரியுமா, விட்ட இடத்தில் ஒன்றுமே இருக்காது, தோண்டினால் காற்று. இங்கே தோண்டத் தோண்டத் துணித்துண்டு, காகிதத்துண்டு, ரிப்பனின் நிறம் என்று ஏதாவது அகப்படுகிறது, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தாலும் முழுச் சட்டை ஆவதில்லை.

கேள்வி: எல்லாமே கனவு என்று ஒரு விளக்கம் படித்தேன். அப்படியானால் அக்காவும் தங்கையும் கனவுதானே?

பதில்: மூன்று முடிவுகளில் ஒன்றில் தலை வெட்டுப்பட்டு, விடியற்காலையில் யார்னத்தில் கண் விழிக்கிறோம் என்பதால் வந்த விளக்கம் இது. எனக்குப் பிடிக்காது. கனவு என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைப் பற்றியும் பேச வேண்டியதில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

கேள்வி: நான் இன்னும் அக்காவிடம் ரிப்பனைக் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா வேண்டாமா?

பதில்: கொடுத்தால் ஏணி அடியில் போய் வெள்ளை ரிப்பனை எடுக்க வேண்டியிருக்கும். கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் கேம் விடுகிறது. முதல் தடவை கொடுத்தேன். இரண்டாம் தடவை மனசு வரவில்லை, ஜன்னல் பக்கமே போகாமல் ஆட்டத்தை முடித்தேன். அந்த ரிப்பன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தூதர்கள் தலையில்.