அக்ரி குரூப் எடுத்தா பையன் எதிர்காலம் போயிடுமா?

கேள்வி: என் மகன் கவர்மெண்ட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சிருக்கான். மார்க் சுமார்தான். பிளஸ் ஒன்ல வேளாண் அறிவியல் தொழிற்பிரிவு எடுக்கச் சொல்றார் ஹெச்.எம்., அவனுக்கும் அதுலதான் ஆசை. ஆனா என் கொழுந்தனார், "அது படிக்காத பசங்க போற குரூப்பு, அப்புறம் எதுக்குமே அப்ளை பண்ண முடியாது"ங்கறார். என்ன செய்யறதுன்னே தெரியல.
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, உங்க கொழுந்தனார் சொன்னதுல கொஞ்சம் நிஜம் இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். இந்தப் பிரிவுல தமிழ், இங்கிலீஷ் போக உயிரியல், வேளாண் தியரி, பிராக்டிகல், வேலைவாய்ப்புத் திறன்கள்னு ஒரு பேப்பர், இதெல்லாம் வரும், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி வராது. அது ரெண்டும் இல்லாம நீட் எழுத முடியாது, பி.எஸ்சி. நர்சிங்கும் கிடைக்காது. அதனால பையன் மனசுல டாக்டர் ஆசை ஒரு ஓரத்துல இருந்தாக்கூட இந்தப் பக்கம் விடாதீங்க. இதை சித்தப்பா எதிர்ல கேட்காதீங்க, தனியா உட்கார வச்சு கேளுங்க, அப்பதான் உண்மை வரும்.

அந்த ஆசை இல்லைன்னா பயப்பட ஒண்ணுமில்ல. மார்க் குறைஞ்ச பசங்களைத் தள்ளிவிடற இடமா இதை மாத்தினது நாமதான், ஆரம்பிச்சவங்க அப்படி நினைக்கல. 1978-ல தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்தப்பவே தொழிற்பிரிவும் கூடவே வந்துடுச்சு, அதே வருஷம் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசையா தலைமையில மத்திய அரசு போட்ட கமிட்டி மேல்நிலைக் கல்வியையே தொழில் பக்கம் திருப்பணும்னுதான் எழுதிக் கொடுத்துச்சு. நாம என்ன பண்ணோம், மார்க் வந்தவனுக்கு பயாலஜி, வராதவனுக்கு தொழிற்பிரிவுன்னு கோடு போட்டுட்டோம். எனக்கு இதுல ரொம்ப நாளா கோபம் உண்டு.

உள்ள என்ன படிப்பாங்கன்னா, நெல் விதை தேர்வை எடுத்துக்குங்க. 10 லிட்டர் தண்ணியில ஒரு முட்டையைப் போட்டா அடியில போய் உட்காரும், உப்பை கொஞ்சம் கொஞ்சமா போட்டு கலக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல முட்டை மேல வந்து நாலணா அளவுக்கு தலை காட்டும், அப்ப விதையைக் கொட்டினா பொக்கெல்லாம் மிதக்கும், அதை அள்ளிப் போட்டுட்டு அடியில தங்கினதை மட்டும் எடுத்து ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசணும், இல்லைன்னா உப்பு முளைப்பைக் கெடுத்துடும். அடர்த்தின்னா என்னன்னு பிசிக்ஸ் புக்குல படிச்ச பையனைவிட இதைக் கையால செஞ்சவனுக்கு நல்லா புரியும். அப்புறம் அந்த விதையை நூறு நூறா நாலு தடவை எண்ணி ஈரத்தாள்ல வச்சு முளைப்புத்திறன் பார்க்கறது (சான்று விதைன்னா நெல்லுல 100-க்கு 80 முளைக்கணும்), கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மாங்கற நன்மை செய்ற பூஞ்சாணத்தைக் கலந்து விதைநேர்த்தி பண்றது, மாங்கன்னுல ஒட்டு கட்டறது, இதுவும் சயின்ஸ்தானே!

மேல படிக்க வழி? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி. அக்ரிக்கு தொழிற்பிரிவு பசங்களுக்குன்னே தனியா கொஞ்சம் சீட் வச்சிருக்காங்க. ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. சீட் கொஞ்சம்தான், போட்டி ஜாஸ்தி, சும்மா வந்துடாது, நல்ல மார்க் எடுத்தே ஆகணும். அது கிடைக்கலைன்னா அங்கேயே 2 வருஷ வேளாண் டிப்ளமோ, தோட்டக்கலை டிப்ளமோ இருக்கு. முடிச்சுட்டு உரக்கடை, விதைக் கம்பெனி, நர்சரின்னு போறவங்க நிறைய.

என் கவலை வேற. குரூப் நல்ல குரூப்தான், ஆனா உங்க ஊர் ஸ்கூல்ல அது நிஜமா நடக்குதா? தொழிற்கல்வி வாத்தியார் ரிட்டயர் ஆனா அந்த இடத்துக்கு ஆள் வராம கிடக்கிற ஸ்கூல் நிறைய இருக்கு, வேற பாடத்து டீச்சர் வந்து நோட்ஸ் கொடுத்துட்டுப் போவாங்க, பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டோட முடிஞ்சுடும். அதனால அப்ளிகேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போங்க. அக்ரி வாத்தியார் நிரந்தரமா தற்காலிகமான்னு கேளுங்க, பசங்க வேலை செய்ற நிலம் எங்கன்னு காட்டச் சொல்லுங்க, அதுக்குத் தண்ணி வருதான்னும் பாருங்க. போன வருஷம் முடிச்ச பசங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஹெச்.எம். கிட்ட கேட்டா ரெண்டு பேர் பேராவது டக்குனு சொல்லணும், முழிச்சார்னா புரிஞ்சுக்குங்க.

அப்படி இல்லைன்னா பக்கத்துல வேற ஸ்கூல்ல இந்தக் குரூப் இருக்கான்னு விசாரிங்க, பஸ் பாஸ் இலவசம்தானே, பத்து கிலோமீட்டர் போனாலும் பரவாயில்ல. அதுவும் அமையலைன்னா அவன் சாதாரண சயின்ஸ் குரூப்லயே சேர்ந்து தம் கட்டிப் படிக்கட்டும், அதுலேர்ந்தும் பி.எஸ்சி. அக்ரிக்கு அப்ளை பண்ணலாம். ஆனா முடிவை ஜூன்லயே எடுத்துடுங்க. கிளாஸ் ஆரம்பிச்ச புதுசுல குரூப் மாத்தித் தருவாங்க, காலாண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போய் நின்னா யாரும் கையெழுத்து போட மாட்டாங்க.