கோழி பிடிக்குமா? (கடிதமும் பதிலும்)

அன்பின் அக்காவுக்கு,

செங்கலடிப் பக்கம் ஒரு காணியில் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கிறோம். நாங்கள் ஐந்தாறு நண்பர்கள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். இப்போது முப்பது நாய்களுக்கு மேல் நிற்கின்றன. வீடு தேடிக் கொடுக்கலாம் என்று பேஸ்புக்கில் படம் போடுகிறோம். கால் முறிந்த ஒரு நாயின் வீடியோவைச் சோகப் பாட்டோடு போட்டபோது நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். சுவிஸ், கனடா, லண்டன் எல்லா இடமும் இருந்து 'பாவம்', 'கடவுளே' என்று எழுதினார்கள். நாயைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. குட்டிகள் மட்டும் போகின்றன, அதிலும் கடுவன்தான். அப்படிக் கொடுத்த இரண்டைப் பிறகு சந்தையடியில் கண்டோம். பெட்டை, கறுப்பு, வயது போனது என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னும் உருக்கமாகப் போட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். பேஸ்புக்கால் பயனில்லை, விட்டுவிடலாம் என்கிறார் மற்றவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, மட்டக்களப்பு

அன்பின் தங்கைக்கு,

முதலில் அந்தச் சோகப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

வீடியோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பார்த்தவர்கள் கலங்கினார்கள், 'பாவம்' என்று எழுதினார்கள், பகிர்ந்தார்கள். அத்தோடு அவர்களுடைய மனப்பாரம் இறங்கிவிட்டது. கால் முறிந்த நாயைப் பார்க்கிறவருக்கு இரக்கம் வரும்போதே பயமும் வரும். மருந்துக்கு யார் அலைவது, செலவை யார் பார்ப்பது, அந்தரப்பட்டு இரவில் குரைத்தால் என்ன செய்வது? இரக்கத்தைக் கீழே எழுதிவிட்டுப் பயத்தோடு போய்விடுவார்கள். இன்னும் உருக்கமாகப் போட்டால் இன்னும் கூடுதலாகப் பயப்படுவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் நாயை எடுக்கப்போகிறவர் சூரிச்சில் இல்லை. ஓட்டோ பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போகிற தூரத்தில், சித்தாண்டியிலோ வந்தாறுமூலையிலோ கரடியனாற்றிலோ இருக்கிறார். அந்த வீட்டிலும் முடிவு எடுப்பது போனில் படம் பார்க்கிற பிள்ளை அல்ல. நாய்க்குச் சோறு போடப்போகிற அம்மாவோ அம்மம்மாவோதான். அவர் கேட்கப்போவதும் எங்களுக்குத் தெரியும். கோழி பிடிக்குமா? ஆட்டுக்குட்டியைக் கடிக்குமா? சோறும் மீன்தலையும் தின்னுமா, இல்லை கடையில் வாங்கிப் போட வேண்டுமா? சின்னப் பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தால் என்ன செய்யும்? வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் என்றால், இரவில் யானை வந்தால் சத்தம் போடுமா என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது உங்கள் பதிவில் பதில் இருந்ததா?

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இவன் பெயர் கறுவல். வயது மூன்று அளவில் இருக்கும். கோழிகளுக்கு நடுவில் படுத்துக் கிடப்பான், பூனையைக் கண்டால் மட்டும் துரத்துவான். வீட்டில் என்ன சமைத்தாலும் சாப்பிடுவான். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான், வெளியே இழுக்க வேண்டாம். தெரியாத ஆள் படலைக்கு வந்தால் குரைப்பான், பாய மாட்டான். தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்தாயிற்று. சுற்றுமதிலோ வேலியோ உள்ள வளவு வேண்டும். சரிவராவிட்டால் எங்களிடமே திரும்பக் கொண்டுவந்து தாருங்கள், ஏன் என்று கேட்க மாட்டோம்."

பூனையையும் இடியையும் மறைக்காதீர்கள். குறை ஒன்றைச் சொன்னால்தான் மற்றதையெல்லாம் நம்புவார்கள். கடைசி வரியையும் விடாமல் போடுங்கள். சந்தையடியில் நீங்கள் கண்ட இரண்டு குட்டிகளும் பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவர வெட்கப்பட்டுத்தான் விடப்பட்டிருக்கும். இன்னொன்று, எட்டு வாரமாவது தாயோடு இருந்த பிறகே குட்டியைக் கொடுங்கள். கண் திறந்து கொஞ்ச நாளில் பிரித்துக் கொடுத்தால் இரவெல்லாம் அழும், வயிற்றோட்டம் வரும், மூன்றாம் நாளே வீட்டார் அலுத்துப் போவார்கள்.

கறுப்பு நாய் ஒதுக்கப்படுவதில் நிறத்தைப் பற்றிய எங்கள் மனக்கோணலுக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வைரவரின் வாகனத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து கறுப்பு நாயைக் கல்லால் எறிகிற ஆட்கள் நாங்கள். ஆனால் பாதிக் குற்றம் கமராவில். மத்தியான வெயிலில் வெள்ளை மணலில் நிறுத்தி எடுத்தால், சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்றபடி போன் படத்தை இருட்டாக்கிவிடும். நாயின் முகம் வெறும் கறுப்புப் பள்ளமாக விழும். காலையிலோ பின்னேரத்திலோ மரநிழலில் எடுங்கள். திரையில் நாயின் முகத்தை விரலால் ஒருமுறை தொட்டால் போன் அந்த இடத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். நீங்கள் நின்றுகொண்டு எடுக்காமல் குந்தி இருந்து, நாயின் கண்மட்டத்தில் எடுங்கள். கம்பிவலைக்கு அப்பால் நிற்கிற நாயின் படம் என்ன செய்தாலும் மறியல்காரனின் படம் மாதிரித்தான் இருக்கும். 2015 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பு லப்ரடோர் கலப்பு இளம் நாய்களின் இணையப் படங்களை எடுத்துப் பார்த்தது. வெளியிடத்தில் நின்றபடி கமராவை நேரே பார்க்கிற நாய்களுக்கு வேகமாக வீடு கிடைத்திருக்கிறது. பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்திருக்கிற படம் மட்டும் வேண்டாம். பல நாய்களுக்கு அது பிடிக்காது. அந்தப் படங்களில் காது பின்னால் போய், கண்ணின் வெள்ளை தெரிய, முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். நாய் தெரிந்தவர் பார்த்தவுடன் விலகிவிடுவார்.

பெட்டை நாய்க்கு ஒரே வழி கருத்தடைதான். வீட்டாருக்குப் பெட்டையில் வெறுப்பு இல்லை, ஏறக்குறைய 63 நாளில் வந்து நிற்கப்போகும் குட்டிகளில்தான் பயம். பதிவின் முதல் வரியிலேயே 'கருத்தடை செய்தாயிற்று' என்று போடுங்கள், தையல் ஆறிய வயிற்றையும் காட்டுங்கள்.

அதற்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். சுவிஸ் அண்ணாவுக்கும் கனடா அக்காவுக்கும் இங்கேதான் வேலை இருக்கிறது. அவர்களிடம் பகிரச் சொல்லாதீர்கள். 'இந்தப் பெட்டையின் சத்திரசிகிச்சைச் செலவை ஏற்பீர்களா' என்று ஒரு நாயைக் காட்டிக் கேளுங்கள், ரசீதை அனுப்புங்கள். இன்னொன்றும் கேட்கலாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தாயும் தகப்பனும் மட்டும் பெரிய வளவில் தனியே இருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை? அந்த வீடுகளுக்குக் குட்டி சரிவராது, செருப்பைக் கடிக்கும், காலுக்குள் ஓடி விழுத்தும். ஆறேழு வயது அமைதியான நாய்தான் தோது. பெற்றோர் ஓம் என்றால் மட்டும் அப்படி ஒன்றைக் கொடுங்கள், ஊசிச் செலவைப் பிள்ளை அங்கிருந்து பார்க்கட்டும். உங்கள் வயது போன நாய்களில் சிலவற்றுக்காவது இப்படி வீடு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பேஸ்புக்கை விட வேண்டாம், ஆனால் அதோடு நிற்கவும் வேண்டாம். ஊருக்குள் செய்தி போவது வாட்ஸ்அப்பில்தான். பழைய மாணவர் குழு, கோயில் குழு, தேவாலயக் குழு, மாதர் சங்கக் குழு எல்லாவற்றிலும் ஒரு நாள் ஒரு நாய், அதற்கு மேல் போட்டால் அலுத்துவிடும். அரச கால்நடை வைத்தியர் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டக் கேளுங்கள். மாடும் ஆடும் வைத்திருக்கிறவர்கள் எப்படியும் அங்கே வருவார்கள், நாய் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தான். காணி இருக்கிற இடத்தை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். எழுதினால் விடியற்காலையில் படலையில் உரப்பையில் கட்டிய குட்டிகள் கிடக்கும்.

2023 இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கக் காப்பகங்களில் நாயைச் சில மணிநேரம் வெளியே கூட்டிப்போனாலே அது தத்துப்போகும் வாய்ப்பு 5 மடங்காகியிருக்கிறது. ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தால் 14 மடங்குக்கும் மேல். அந்த வீட்டாரின் நண்பர்களும் அயலவர்களும் நாயைப் பார்க்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்க வேண்டும். உங்கள் ஐந்தாறு பேரின் வீட்டிலும் சனி, ஞாயிறு ஒவ்வொரு நாயை வைத்துப் பாருங்கள். குசினி வாசலில் அது படுத்திருக்கிற இருபது விநாடி வீடியோ போதும். கோழி பக்கத்தில் நடந்து போனால் இன்னும் நல்லது.

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு பதிவின் கீழே முஸ்லிம் அயலவர்களைப் பற்றி யாரோ கண்டபடி எழுதியிருக்கிறார். அதை உடனே அழியுங்கள். வீட்டுக்குள் நாய் வளர்க்காதவர்கள் எல்லாம் நாயை வெறுப்பவர்கள் அல்லர். தாகத்தில் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிப் பாதணியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்று நபிமொழி இருக்கிறது. நாய்க்கு வீடு தேடுகிற இடத்தில் ஊர்ச்சண்டை எதற்கு?

கடைசியாக உங்களைப் பற்றி. நாய்களைத் தூக்குகிற, குளிப்பாட்டுகிற நீங்கள் எல்லோரும் விசர் நோய்க்கான (ரேபிஸ்) முற்காப்பு ஊசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தக் கிழமையே வைத்தியசாலையில் கேளுங்கள். ஊசி போட்டிருந்தாலும், புதிதாக வந்த நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள், குட்டிக்கும் அந்த நோய் வரும்.

அன்புடன்,
அக்கா