கோட்டுப் பட்டனும் பதினைந்து கிலோவும்

கேள்வி: டீ ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டு மாதத்தில் மச்சினன் கல்யாணம். என் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், பட்டன் எட்டவில்லை. ஜிம்மில் சேர்ந்தேன். "வெயிட் தூக்கினால் மாதம் பத்துக் கிலோ போய்விடும்" என்றார் மாஸ்டர். ஐந்து வாரம் ஆகிறது. முதல் பத்து நாளில் 700 கிராம் ஏறியது, இப்போது 83.2. (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் மட்டும் 20 கிலோவிலிருந்து 40-க்கு வந்திருக்கிறேன்.) கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஆபீஸில் ஆறு டீ ஆகும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குள் 15 கிலோ குறைய என்ன வழி? மலைமேல் எடை மெஷின் கூடுதலாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி

பதில்: கணக்கு எழுதுகிறவரிடம் கணக்காகவே பேசிவிடலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 15 கிலோவுக்கு 1,15,500. அறுபது நாளால் வகுத்தால் தினமும் 1,925 கலோரி துண்டு விழ வேண்டும். உங்கள் உயரத்தில், உங்கள் வயதில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாளைக்குச் செலவாவதே 2,200 சொச்சம்தான். மீதிக்கு இரண்டு தோசையும் கொஞ்சம் சட்னியும் சாப்பிடலாம். அறுபது நாளும் அதேதான். கல்யாணத்தன்று கோட்டு வந்து நிற்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டார்.

மாதம் பத்துக் கிலோ என்பது முன்பணம் வாங்கும்போது வாயில் வருகிற கணக்கு. வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்லது; ஒரு கிலோ குறைந்தால் மிக நல்லது. அதற்கு மேல் வேகம் பிடித்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்துகூட உண்டு.

முதலில் ஏறிய 700 கிராமை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பழக்கமில்லாத தசையைப் போட்டு வாட்டினால் அது வீங்கி நீரைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, வேலை கொடுத்த தசை, கிளைகோஜன் என்கிற தன் சர்க்கரைச் சேமிப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் அளவுக்கு நீரும் சேரும். அந்த நீரில் ஒரு பங்கு இன்னும் உள்ளேயே இருக்கலாம். அப்படியானால் உங்களிடமிருந்து போன கொழுப்பு, மெஷின் சொல்லும் 800 கிராமை விடக் கூடுதல்.

எனக்குக் கோபம் வந்தது அந்த அடைப்புக்குறியைப் பார்த்துத்தான். ஐந்து வாரத்தில் 20 கிலோ 40 ஆகியிருக்கிறது, அதைப் போய் ஒளித்துவைத்து எழுதுகிறீர்கள்! நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் படிகளில் ஏறி வருகிறாரே, அவரை நிறுத்தி எடை என்ன என்று யாராவது கேட்கிறோமா? சரி, அடுத்த ஐந்து வாரத்தில் 60 என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். தொடக்கத்தில் வரும் இந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகுவதால் வருவது. தசை வளர மாதங்கள் ஆகும். அப்புறம், நாற்பதைத் தாண்டியவர் நீங்கள். பிரஷர் பார்த்தாயிற்றா? மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

நானும் அவசரப்பட்டவன்தான். ஒருமுறை கோதுமைக் கஞ்சி, வெள்ளரிக்காய் என்று ஒரே மாதத்தில் ஆறு கிலோ குறைத்தேன். மார்க்கெட்டில் பார்த்தவர்களெல்லாம் "சார், சுகரா?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள். ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு 52 படி. அந்த மாதம் காய்கறிப் பையோடு ஏறுகையில் இரண்டு இடத்தில் நின்றேன். பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத சதையாகப் போய்விடும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொங்கலுக்குள் போன ஆறும் எட்டாகத் திரும்பி வந்தது. பாரம் தூக்குவதன் முக்கியப் பலன் இங்கேதான்: எடை இறங்கும்போது தசையைக் காத்துக்கொடுக்கும். எடையை இறக்குவது சாப்பாட்டின் வேலை. ஒரு மணி நேரம் டம்பெல்லோடு மல்லுக்கட்டினாலும் 200, 300 கலோரிதான் போகும். தசை கூடினால் தூக்கத்தில்கூடக் கொழுப்பு எரியும் என்று மாஸ்டர் சொல்லியிருப்பார். பொய்யில்லை. ஒரு கிலோ தசை நாளெல்லாம் சும்மா இருந்து எரிப்பது சுமார் 13 கலோரி!

இப்போது அந்த ஆறு டீக்கு வருவோம். நம் ஊர்க் கடை டீயில் சர்க்கரை இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது. கப்புக்குப் பத்து கிராம் என்றே வைப்போம். ஆறு கப்புக்கு 60 கிராம், 240 கலோரி. முப்பது நாளுக்கு 7,200. பாலைக்கூட நான் சேர்க்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பு மாதாமாதம் கப்பில் வந்து இறங்குகிறது. டீயோடு வர்க்கி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையும் சேர்ந்த அந்த மொறுமொறுப்புக்கு முன்னால் நியாயம் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. டீயை விடவேண்டாம். முதல் வாரம் ஒரு ஸ்பூன், மூன்றாவது வாரம் அரை ஸ்பூன், அவ்வளவு போதும். தட்டில் சோற்றைக் கொஞ்சம் தள்ளிவிட்டு அவரை, பட்டாணி, சுண்டல், முட்டைக்கு இடம் கொடுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். உங்களுக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம் அளவுக்கு வேண்டும். சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். டப்பா பவுடர் இப்போதைக்கு வேண்டாம்.

எடை மெஷினில் வாரம் ஒருநாள் ஏறினால் போதும், காலையில், வெறும் வயிற்றோடு. அதைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு. கொழுப்பைவிடத் தசைக்கு அடர்த்தி கூடுதல். மெஷின் முள் அசையாத மாதத்திலும் டேப் இறங்கும்.

மலையைப் பற்றிக் கேட்டீர்கள். விஷயம் நேர் எதிர். உயரம் போகப் போகப் புவியீர்ப்பு ஒரு துளி குறையும். மேட்டுப்பாளையத்தில் 84 காட்டுகிற அதே மெஷினைக் கோத்தகிரிக்குத் தூக்கி வந்து ஏறினால் அதிகம் போனால் நாற்பது கிராம் குறைத்துக் காட்டும். வீட்டு மெஷினுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. குளிரில் கலோரி எரியுமே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு நடுங்காமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கல்யாணத்துக்குள் நான்கு கிலோ, கூடிப்போனால் ஐந்து. வாரம் மூன்று நாள் பாரம், மற்ற நாள் நடை, அரை ஸ்பூன் டீ என்று இருந்தால் இது நடக்கிற காரியம். கோட்டுக்கு அது போதாது என்றால் தையல்காரரிடம் கொடுத்துப் பட்டனை ஓர் இஞ்ச் தள்ளித் தைக்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டையை அடைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.