எத்தனை பேர் கேட்டார்கள்?

சமூக ஊடகத்தில் கடைக்கு என்ன இலக்கு வைப்பது என்று நம் வணிகர் வட்டத்தில் பலர் கேட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆகவே பதில்களில் கல்லாப்பெட்டி அடிக்கடி தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈசூனில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறேன், அக்கா. இன்ஸ்டகிராமில் 1,800 பேர் பின்தொடர்கிறார்கள். தீபாவளிக்குள் 5,000 பேராக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: 5,000 பேர் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக உங்கள் கணக்கில் யாரும் ஒரு வெள்ளிகூடப் போடப்போவதில்லை. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள், தங்கச்சி. இந்தத் தீபாவளிக்கு வழக்கத்தைவிட 900 வெள்ளி கூடுதலாகக் கையில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஒரு டப்பா 14 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் போக 6 வெள்ளி மிஞ்சுகிறது. அப்படியானால் 150 டப்பாக்கள் கூடுதலாக விற்க வேண்டும். ஒருவர் மூன்று டப்பா வாங்கினால் 50 பேர். வாட்ஸ்அப்பில் விலை கேட்கிற ஐந்து பேரில் இருவர் வாங்குகிறார்கள் என்றால், 125 பேர் விலை கேட்டாக வேண்டும். ஐந்து வாரம் இருக்கிறது. வாரத்திற்கு 25 விசாரிப்புகள்: உங்கள் இலக்கு இதுதான். நான் போட்ட எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்களுடையவை போன வருட நோட்டில் இருக்கும்.

அதோடு விடக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொழில் நடத்தினால், அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைக்க முடியாது. உங்கள் கையும் வீட்டாரின் கையும் ஒரு அடுப்பும்தான் எல்லை. 125 பேரும் கடைசி வாரத்தில் வந்து கேட்டால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவீர்கள். அவர்கள் அடுத்த வருடம் கேட்கமாட்டார்கள். எனவே இரண்டாவது இலக்காக, பாதி ஆர்டர்கள் முன்பணத்தோடு பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே பதிவாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதலாவதைவிட இதுவே முக்கியம்.

கேள்வி: சிராங்கூன் சாலையில் ரவிக்கை தைக்கும் கடை. யார் ஃபேஸ்புக் பார்த்து வந்தார்கள், யார் வழியில் பார்த்து நுழைந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அளவு எடுக்கும்போது கேளுங்கள். அளவு நோட்டில் மார்பு, இடுப்பு, கை என்று எழுதுகிறீர்கள் அல்லவா, பக்கத்திலேயே “எங்கே பார்த்தீர்கள்” என்று ஒரு கட்டம் போடுங்கள். ஃபே, இன், டி, தோழி, வழி என்று ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறிகள் போதும். நீளமாக எழுதச் சொன்னால் தையல்காரம்மா இரண்டாம் நாளே விட்டுவிடுவார்.

வாட்ஸ்அப் இணைப்பிலும் ஒரு வசதி இருக்கிறது. இணைப்பைத் தட்டியதும் முதல் வரி தானாக நிரம்பும்படி அமைக்கலாம். ஃபேஸ்புக்கில் போடும் இணைப்பில் “வணக்கம், பட்டு ரவிக்கை பற்றி” என்றும், டிக்டாக்கில் போடும் இணைப்பில் “வணக்கம், ரவிக்கை விலை என்ன” என்றும் வைத்துவிட்டால், வரும் செய்தியைப் பார்த்தே அவர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். “தோழி சொன்னாள்” என்பவர்களை விட்டுவிடுங்கள். அந்தத் தோழி எங்கே பார்த்தாள் என்று துருவினால் ரவிக்கை தைக்க நேரம் இருக்காது.

கேள்வி: உட்லண்ட்ஸில் தமிழ்த் துணைப்பாட நிலையம். எங்கள் இலக்கணக் காணொளிகளுக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. மாணவர் ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை. ஏன்?

பதில்: இன்ஸ்டகிராம் புள்ளிவிவரப் பக்கத்தில், பார்ப்பவர்கள் எந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பகுதி உண்டு. (தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால்தான் தெரியும்.) அதைத் திறந்து பாருங்கள், ஐயா. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், பிறகு கோலாலம்பூர் என்று வரிசையாக வந்தால் நான் வியப்படைய மாட்டேன். தமிழில் நல்லதாக ஒன்றைப் போட்டால் அது தமிழ்நாட்டுக்குப் போவது இயற்கை, அங்கேதான் கூட்டம். அவர்கள் மனமாரப் பாராட்டுவார்கள். ஆனால் சனிக்கிழமை காலை வகுப்புக்கு மதுரையிலிருந்து பிள்ளையை உட்லண்ட்ஸுக்கு யார் அனுப்புவார்?

மொத்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சிங்கப்பூரிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் மாதாமாதம் எழுதிவையுங்கள். பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு, உயர்நிலை ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளின் தமிழ் என்று இங்குள்ள பெற்றோர் மட்டுமே தேடும் விஷயங்களைப் போட்டால் லைக் சரியும், சரியட்டும். இலக்கு, இலவச மாதிரி வகுப்புக்குப் பெயர் கொடுப்பவர்களின் எண்ணிக்கை. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பெற்றோர் முடிவெடுப்பது நவம்பர், டிசம்பரில். ஜூலையில் சேர்க்கை குறைவு என்று கவலைப்படாதீர்கள். ஜூலையில் பெயர்ப் பட்டியல் வளர்ந்தால் போதும்.

கேள்வி: “ரீச்” என்கிறார்கள், “வியூஸ்” என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் வியூஸ் மூன்று, ரீச் ஒன்று. இரண்டையும் கூட்டிச் சொல்லும் விளம்பர முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தேக்காவில் மளிகைக் கடை. அக்காள் மகன்தான் எல்லாப் பதிவும் போடுகிறான். மாதம் 300 வெள்ளி விளம்பரத்துக்குக் கேட்கிறான். ஒரு பயிற்சியில் ‘ஸ்மார்ட்’ இலக்கு என்று சொன்னார்கள். அவனை எப்படி மடக்குவது?

பதில்: மடக்க வேண்டாம், அண்ணே; பிள்ளை உழைக்கிறான். ஸ்மார்ட் என்பது நல்ல இலக்குக்கு வேண்டிய ஐந்து அம்சங்களின் ஆங்கில முதலெழுத்துகள். 1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் அந்த ஐந்து அம்சங்களை எழுதியபோது, அவற்றில் ஒன்று “யார் பொறுப்பு” என்பது. பின்னால் வந்தவர்கள் பலர் அதை எடுத்துவிட்டு “எட்டக்கூடியது” என்று போட்டுக்கொண்டார்கள். குடும்பக் கடைக்கு அந்தப் பழைய அம்சம்தான் தேவை. பையன் கையில் இருப்பது எது, உங்கள் கையில் இருப்பது எது என்று பிரியுங்கள். வாரம் மூன்று பதிவுகள், கடை திறந்திருக்கும் நேரத்தில் வரும் செய்திக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில்: இவை அவன் பொறுப்பு. பொன்னி அரிசி இருப்பில் இல்லாமல் ஆர்டர் தவறினால் அது உங்கள் கணக்கு. அவன் தலையில் கட்டக்கூடாது.

300 வெள்ளிக்குப் பதில் இப்படி. விளம்பரத்தால் வந்த புது வாடிக்கையாளர் 20 பேர் என்றால், ஒருவரைக் கொண்டுவர 15 வெள்ளி ஆகியிருக்கிறது. அவர் ஒருமுறை வாங்கிப் போனால் நட்டம். மாதாமாதம் வீட்டுச் சாமானுக்கு வருபவரானால் மலிவு. மூன்று மாதம் கழித்து அந்த 20 பேரில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று பாருங்கள். பேநவ் (கைப்பேசி வழிப் பணம் செலுத்தும் முறை) வரவில் பெயர் தெரிகிறது. பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

கேள்வி: மணப்பெண் அலங்காரமும் மருதாணியும் செய்கிறேன். ஜூலை மாத விசாரிப்பு திடீரென்று பாதியாகிவிட்டது. பதிவுகள் சரியில்லையோ?

பதில்: ஆடி பிறந்துவிட்டது, அம்மா! பதிவுகளைக் குற்றம் சொல்லாதீர்கள். போன மாதத்தோடு ஒப்பிடும் பழக்கம் நம் தொழில்களுக்குச் சரிவராது. போன வருட ஆடியோடு இந்த வருட ஆடியை ஒப்பிடுங்கள். தீபாவளியும் அப்படித்தான். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால் இல்லாத ஏற்றமும் இல்லாத சரிவும் தெரியும். பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்கள் என்று எண்ணுங்கள்.

கேள்வி: பழைய பில்களில் இருக்கும் கைப்பேசி எண்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சலுகை அனுப்பலாமா?

பதில்: சம்மதம் வாங்காத எண்களைத் தொடாதீர்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைக்கும் பொருந்தும். விளம்பரம் வேண்டாம் என்று எண்ணைப் பதிந்துவைத்தவர்களுக்கான பதிவகமும் இருக்கிறது. பில் போடும்போது கேட்டு, சரி என்றவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மாதத்துக்கு இத்தனை சம்மதம் என்பதே நல்ல இலக்கு. அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்தார்களா என்றும் பாருங்கள். சேமிக்காதவருக்கு வாட்ஸ்அப் மொத்தச் செய்திப் பட்டியல் வழியாக அனுப்புவது போய்ச்சேராது.

கேள்வி: டிக்டாக்கை எப்போது கைவிடலாம்?

பதில்: மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் விசாரிப்பு நோட்டில் “டி” விழவில்லை என்றால் விட்டுவிடலாம். கணக்கை மட்டும் அழிக்காதீர்கள். உங்கள் கடைப் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும்.